பழவேற்காட்டுல மயிலைக்கு காட்டுன தண்ணி

தணிகாசலத்துக்கு உங்கப்பன் வாயால சொல்லி, டீச்சரம்மா கையால எழுதுறது. இங்க நானு, உங்கம்மா, செவலை மூணு பேரும் இருக்குறோம். செவலை மாட்டுக்கு பல்லு தேஞ்சி போச்சி, எனக்கு முட்டி தேஞ்சி போச்சி. உங்கம்மாவுக்கு ஒன்னும் தேயல, வாயி முன்ன மாதிரியேதான் இருக்குது. நீ போட்ட கார்டு வந்து சேந்துச்சி. மணவூர் பொண்ணு வூட்ல தை மாசம் கல்யாணம்னு ஒத்துகினாங்க, உம் மாமன் வந்து சொல்லிட்டு பூட்டான். பொண்ணு வூடு டேசனுக்கு பின்னாலயே இருக்குதாம். ரயிலு சத்தம் இல்லாட்டி அதுக்கு தூக்கம் வராதாம். நீ லாரி ஓட்டுறவன், சத்தம் பழகுன பொண்ணுதான் உனக்கு சரி.

அந்த கார்ட தபால்காரன்தான் படிச்சி சொன்னான். கடைசில நீ எழுதியிருந்த, கல்யாணம் முடிஞ்சி மாசியில மொதலாளி ஒரு நாளைக்கு லாரி குடுக்குறேன்னாரு, அவளையும் அம்மாவையும் பழவேற்காட்டுக்கு இட்டுகினு போயி பறவையும் கடல்ல குதிக்குற கடப்பன்னியும் காட்டப் போறேன், அன்னிக்கு அம்மா ஒன்னும் பாக்கலன்னு. அம்மான்னு எழுதியிருக்குற. நைனான்னு எழுதல. நான் அவங்கிட்ட, கார்ட திருப்பி பாருப்பா, எடம் பத்தாம பின்னால எழுதியிருப்பான்னேன். பின்னால வெலாசம்தான் இருக்குதுன்னு சொல்லிட்டு சைக்கிள்ல ஏறி பூட்டான்.

போஸ்டாபீசு வாசல்ல கடுதாசி எழுதித் தர ஆளு இருக்குறான். அவன் கிட்ட போவாம நான் டீச்சரம்மா கிட்ட வந்து குந்திகினு இருக்குறதுக்கு ஒரு காரணம் இருக்குது. போவப்போவ உனக்கே தெரியும். அவுங்க நடுநடுவுல, வண்டிக்காரரே, இத கொஞ்சம் நல்லா எழுதட்டுமான்னு கேக்குறாங்க. வேணாம்மா, நான் பேசுறத பேசுறாப்புலயே எழுதுங்க, எம் புள்ளைக்கு எங் கொரல் தெரியணும்னுட்டேன்.

மொதல்லேந்து சொல்றேன். உனக்கு தெரிஞ்சதுதான், ஆனா நான் சொல்லி நீ கேட்டதில்ல. சண்ட நடந்துகினு இருந்த காலம். ரயில்ல பூரா சிப்பாயிங்க, ஒரு கால் வெக்க எடம் கெடையாது. பெட்ரோல் இல்லாம பஸ்சு கரியில ஓடுது. டீச்சரம்மா அப்பதான் மிஷன் பள்ளிக்கூடத்துலேந்து பென்சன் வாங்கி வெளிய வந்தாங்க. நம்ம வண்டி ஸ்டாண்டுக்கு கொடையும் கையுமா வந்து, முப்பது வருசமா பொஸ்தகத்துல பறவ படத்த காட்டி புள்ளைங்களுக்கு சொல்லிக் குடுத்தேன், இது நாரை, இது எங்கேந்தோ கடல் தாண்டி வருதுன்னு. ஒன்னக் கூட கண்ணால பாக்கல. பழவேற்காட்டுக்கு வண்டி கட்டுவீங்களான்னு கேட்டாங்க. அம்மாந்தூரம் எவனும் ஒத்துக்கல. நான் கட்டுறேன்னேன். நானும் கடலு பாத்ததில்ல. உங்கம்மா, ஒரு பொம்பள தனியா நாலு நாளு உன்ன நம்பி வரதா, நானும் வரேன்னா. நீ ஓட்ட, நான் பேச, அப்படி கெளம்புனோம்.

இந்த எடத்துல செவலைக்கு ஜோடியா இருந்த மயிலையப் பத்தி ஒரு வார்த்த சொல்லிட்டு போறேன், இல்லன்னா கத நிக்காது. செவலைய நான் சந்தையில பாத்து புடிச்சேன். மயிலை அப்படி இல்ல. அம்மையார்குப்பத்துல ஒரு நெசவுக்காரன் வூட்ல தாயி செத்த கன்னுக்குட்டி, நாலு நாளு தாங்காதுன்னு உட்டுட்டாங்க. நீதான் தோள்ல தூக்கிகினு வந்த. அப்ப உனக்கு மீச கூட மொளைக்கல. வெரல்ல துணி சுத்தி கஞ்சிய நனைச்சி நனைச்சி ஊட்டுன. அதனாலயோ இன்னாவோ, அது வளந்த பொறவும் கண்டதெல்லாம் தின்னும். உங்கம்மா காயப்போட்ட ரவிக்கைய தின்னுச்சி. கோயிலுக்கு வந்தவங்க மாலைய தின்னுச்சி. ஒரு தடவ மலைக்கு ஏற வந்த காவடிக்காரன், மாட்டுக்காரா, எம் மயிலெறக துப்பச் சொல்லுய்யான்னு கத்துனான். நீ அது வாயில கைய வுட்டு எடுத்த. வேற ஆளு கைய வுட்டிருந்தா கை இருக்காது.

கனகம்மாசத்திரம் மேட்டுல ஒரு கரி பஸ்சு மூச்சு வாங்கிகினு நின்னுது, ஜனங்க எறங்கி தள்ளிகினு இருந்தாங்க. நம்ம வண்டி பக்கத்துல போவும்போது நீ, இன்னா டிரைவரே, கயிறு வேணுமா, கட்டி இஸ்துகினு போறோம்னு கேட்ட. டீச்சரம்மா வாயப் பொத்திகினு சிரிச்சாங்க. இப்ப நீயே லாரி ஓட்டுற. மேட்டுல நின்னா எவனாவது வண்டிக்காரன் உன்ன அப்படி கேப்பான், கோவப்படாத.

திருவள்ளூர்ல மாடு அவுத்தோம். கோயில் கொளத்து தண்ணிய மோந்து பாத்துட்டு மயிலை மொகத்த திருப்பிகிச்சி. மாடு கட்டுறவனுக்கு தெரியும், ஊரு மாறுனா மாட்டுக்கு தண்ணி புடிக்காது. அதுக்கு நம்ம கையில இருக்குற வைத்தியம், அதே தண்ணில ரெண்டு கை தவுடு, ஒரு கட்டி வேர்க்கல்லப் புண்ணாக்கு ஊற வெச்சி கலக்கிக் குடுக்குறது. மணம் புடிச்சா குடிச்சிடும். அங்கயும் அப்படித்தான் குடிச்சிது. பெரியபாளையத்துலயும் அப்படித்தான். நானும் டீச்சரம்மா கிட்ட பெருமையா, பாத்தீங்களா, மாட்டு நாக்கத் தெரிஞ்சவன்தான் வண்டிக்காரன்னு சொல்லிகினே வந்தேன்.

நாலாம் நாளு பொன்னேரி தாண்டுனதும் ஒரு கெணறு இல்ல, ஒரு குட்டை இல்ல. மணல் ரோடு, மாசி வெயிலு. பொழுது சாயுறதுக்கு முன்ன பழவேற்காடு போய் சேந்தோம். எதுர பாத்தா கண்ணுக்கு எட்டுற மட்டும் தண்ணி. அங்க ஒரு ஆள கேட்டேன், இதான் கடலாப்பான்னு. இல்லீங்க, இது ஏரி, கடலு அந்தாண்ட இருக்குதுன்னான். எனக்கு அது போதும். நம்ம ஊர்ல ஏரின்னா இன்னா? மழ வந்தா ரொம்பும், மதகு தொறந்தா பாயும், மாடு குடிக்கும், எரும குளிக்கும். உங்கம்மா கொடத்த எடுத்துகினு ஊருக்குள்ள கெணறு தேடி பூட்டா. டீச்சரம்மா வண்டிலயே குந்திகினு தூரத்துல வெள்ளையா தெரியுறத பாத்துகினு இருந்தாங்க. நான் உங்கிட்ட சொன்னேன், ஏரிலேந்து மொண்டாந்து தொட்டில ஊத்துடான்னு.

நீ மொண்டாந்த. செவலை மோந்துச்சி, பின்னால போச்சி. மயிலையும் மோந்துச்சி, தும்முச்சி. நீ வெரல வுட்டு வாயில வெச்சிகினு, நைனா, கரிக்குதுன்ன. ஏரியில எங்கடா கரிக்கும், காலைலேந்து ஊறுகாய நக்கிகினு வந்த நாக்கு கரிக்காம இன்னா பண்ணும்னேன். நீ ஒரு வாயி வெச்சி பாரு நைனான்ன. நான் மாட்டு மூஞ்சப் பாத்து தண்ணி சொல்றவன்டா, எனக்கு வாய் வெக்கணுமா, புண்ணாக்க கலக்குன்னேன். நீ நின்ன. கலக்குடான்னு ரெண்டாவது தடவையும் சொன்னேன். கலக்குன. செவலை நாக்க நனைச்சிட்டு உட்டுடுச்சி. மயிலை, அதான் சொன்னேனே, அதுக்கு புண்ணாக்கு வாசன போதும், தொட்டிய நக்கி எடுத்துச்சி. தாகம் அப்படி. அந்த தண்ணி எனக்கு அஞ்சடி தூரம். நான் குனியல.

மறுநாளு காலைல மயிலை அசை போடல. சாணி தண்ணியா போயிகினு இருந்துச்சி. நைனா, நான் வரல, இது கிட்ட இருக்குறேன்னு நீ சொன்ன. ஊரு மாத்தம்டா, மத்தியானம் சரியாப் பூடும், டீச்சரம்மாவ படகுல ஏத்தி எறக்க ஆளு வேணும்னு உன்ன இட்டுகினு போனேன். இது ரெண்டாவது தப்பு. உங்கம்மாவுக்கு தண்ணின்னா பயம், மாட்டுக்கு காவலா நின்னுட்டா.

படகுக்காரன் பேரு எல்லப்பன், உனக்கு நெனப்பு இருக்கும். குள்ளமா, கருப்பா, ஒரு காதுல கடுக்கன் போட்டுகினு. கம்ப ஊனி தள்ளிகினு போனான். தண்ணி முட்டி ஆழம்தான் இருக்குது, அதுல அந்த நாரைங்க நின்னுகினு இருக்குது பாரு, அம்மையார்குப்பத்துல நூலுக்கு ரோஸ் சாயம் போட்டு வரிசையா காயப்போட்டாப்புல. கழுத்த மடக்கி, மூக்க தலகீழா கவுத்து சேத்துல எதையோ அரிச்சிகினு இருந்துச்சி. டீச்சரம்மா கொடைய மடியில வெச்சி ரெண்டு கையாலயும் புடிச்சிகினு இருந்தாங்க. எல்லப்பன் படகு கம்பால ஒரு தட்டு தட்டுனான், ஆயிரமோ எத்தினியோ ஒரே நேரத்துல தண்ணி மேல ஓடி எழும்புச்சி, ரெக்கைக்கு அடியில செவப்பும் கருப்பும். அப்ப நம்ம மேல வந்த காத்துல உன் துண்டு பறந்து தண்ணில வியுந்துச்சி. டீச்சரம்மா அப்பதான் வாயத் தொறந்தாங்க. படத்துல இதுக்கு சத்தம் இல்லன்னாங்க. அவ்ளோதான் சொன்னாங்க.

அங்கேந்து முகத்துவாரத்துக்கு போனோம், ஏரியும் கடலும் சேருற எடம். இங்க கடப்பன்னி வரும் பாருங்கன்னான் எல்லப்பன். நான் சும்மா இல்லாம, நாலு நாளு வண்டி கட்டி வந்தது பன்னி பாக்கவா, எங்க ஊரு ரயில்வே கேட்டாண்ட எத்தினி வேணும்னேன். அவன், உங்க ஊரு பன்னி இப்படி குதிக்குமான்னு கைய நீட்டுனான். ஒன்னும் இல்ல. தண்ணி மட்டும்தான். மொதல்ல பாத்தது நீ. நைனா, அதோன்ன. கருப்பா, மெழுகுனாப்புல முதுகு, தண்ணிய கிழிச்சிகினு வளைஞ்சி உள்ள பூடுச்சி. அப்பறம் ரெண்டு, மூணு. பின்னால ஒன்னு சின்னது, குட்டி. தாயி அத அடியிலேந்து மூஞ்சால முட்டி முட்டி மேல தூக்குச்சி. எதுக்குன்னு கேட்டேன். மூச்சு வாங்கங்க, அதுக்கு நம்மள மாதிரி காத்து வேணும், குட்டிக்கு தெரியாது, தாயிதான் தூக்கி காட்டணும்னான். வலையில மாட்டுனா நாங்க வலைய அறுத்து உட்டுடுவோம், தொடமாட்டோம்னான். நீ படகு வெளிம்புல குந்திகினு எங் கைய புடிச்சிருந்த. பதினெட்டு வயசு ஆளு, சின்ன புள்ள மாதிரி. நானும் உன்ன பாத்து சிரிச்சிகினு இருந்தேன். என் வாழ்நாள்ல அந்த காலை மாதிரி ஒரு காலை இல்ல. அதுக்கு அப்பறம் நீ எங் கைய புடிச்சதும் இல்ல.

கரைக்கு வரும்போதே கூட்டம் தெரிஞ்சிது. மயிலை படுத்துகினு இருக்குது, கால உதைச்சிகினு, கண்ணு ஒரு பக்கமா சொருகி. உங்கம்மா அது தலைய மடியில வெச்சிகினு குந்தியிருந்தா. எல்லப்பன் படகுலேந்து எறங்கி வந்தான், தொட்டிய மோந்தான், ஒட்டிகினு இருந்த புண்ணாக்க ரெண்டு வெரலால எடுத்து பாத்தான். எவன் இந்த ஏரித் தண்ணிய குடுத்தது, எங்க வூட்டு ஆடு கூட இத தொடாது, புண்ணாக்கு போட்டு ஏமாத்தி இல்ல குடிக்க வெச்சிருக்குறீங்கன்னான். சுத்தி இருந்தவங்க சிரிச்சாங்க. ஒருத்தன், மலையூரு ஆளுங்க மாட்டு நாக்கத் தெரிஞ்சவங்கன்னு நேத்து ராத்திரி ஒருத்தரு பீத்திகினு இருந்தாரேன்னான். உங்கம்மா என்னப் பாத்தா. எல்லாரும் என்னப் பாத்தாங்க.

நான் உன்ன காட்டுனேன். இவன்தான், எம் புள்ள, ஏரித் தண்ணி வேணாம்டா கெணத்துத் தண்ணிக்கு நில்லுடான்னு நான் தலபாடா அடிச்சிகினேன், கேக்கலன்னு சொன்னேன். சொன்னது பத்தாதுன்னு சாட்டைய எடுத்து முதுகுல ரெண்டு வெச்சேன். நீ தடுக்கல. நான் கலக்குனேன், ஆனா நீதான் சொன்னன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அப்பவே முடிஞ்சிருக்கும். நீ என்ன பாத்த. அப்பறம் மயிலைய பாத்த. கெணத்துத் தண்ணிய கொண்டாந்து அது வாயில வெரலால நனைச்சி நனைச்சி உட்ட, கன்னுக்குட்டிக்கு கஞ்சி ஊட்டுனாப்புல. மத்தியானத்துக்கு மேல அது பூடுச்சி. எல்லப்பனும் அவன் ஆளுங்களும்தான் மேட்டு மணல்ல குழி எடுத்தாங்க.

திரும்பி வர கதைய சீக்கிரமா சொல்லிட்றேன், அத சொல்ல எனக்கு வாயி வரல. டீச்சரம்மாவும் உங்கம்மாவும் எல்லப்பன் புடிச்சி குடுத்த வேற வண்டியில முன்னால பூட்டாங்க. நம்ம வண்டில நுகத்தடிக்கு ஒரு பக்கம் செவலை. மறுபக்கம் மயிலை எடத்துல நீ போயி நின்னு தோள்ல தாங்குன. நான் மாத்தி புடிக்குறேன்னேன். நீ தோள எடுக்கல. பழவேற்காட்டுலேந்து பொன்னேரி வரைக்கும் நீயும் மாடும் இஸ்துகினு போறீங்க, நான் பின்னால நடந்து வரேன். உன் சட்ட மேல சாட்டத் தடம் தெரியுது. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். ரெண்டு மூணு தடவ வாயத் தொறந்தேன். மெதுவா போடான்னுதான் வந்துச்சி. பொன்னேரியில டீச்சரம்மா சொந்தக்காரங்க ஒரு மாடு குடுத்தாங்க, ஊரு வந்து சேந்தோம்.

அதோட உட்டிருந்தாலும் பரவால்ல. நான் கத சொல்றவன், உனக்கு தெரியும். ஸ்டாண்டுல சவாரி இல்லாத நேரம் எல்லாரும் என்ன சுத்தி குந்திக்குவாங்க. பழவேற்காடு போயி வந்தவன்னு கேட்டாங்க. சொன்னேன். மொத தடவ சொல்லும்போது கொஞ்சம் தடுமாறுச்சி. ரெண்டாவது தடவ தடுமாறல. ஒவ்வொரு தடவையும் கத வளந்துச்சி. எம் புள்ள ஏரின்னு நெனச்சி உப்புத் தண்ணிய காட்டி மாட்ட கொன்னான், அதுல புண்ணாக்கு வேற கலந்தான், பாயசம் வெச்சாப்புலன்னு சொல்லுவேன். அவனுங்க சிரிப்பானுங்க. சிரிக்குறத பாத்து நானும் சிரிப்பேன். நாலு தடவ சொன்னதும் எனக்கே அது நெசம் மாதிரி ஆயிடுச்சி. அவனுங்க உனக்கு உப்புத்தண்ணின்னு பேரு வெச்சானுங்க. இன்னா உப்புத்தண்ணி, காபி சாப்புறியா, உங்கிட்ட குடுத்தா சக்கரைக்கு பதிலு இன்னா போடுவன்னு கேப்பானுங்க. நீ ஒரு மாசம் கேட்டுகினு இருந்த. அப்பறம் ஒரு நாளு மாடு ஓட்டுற தார்க்குச்சிய எரவாணத்துல சொருகிட்டு, லாரிக்கு போறேன்னு பட்டணம் பூட்ட. அஞ்சி வருசம் ஆச்சி. கிருத்திகைக்கு வருவ, உங்கம்மா கையால சாப்புடுவ, செவலை கழுத்த சொறிஞ்சி குடுப்ப, பூடுவ. எங்கிட்ட கேட்டா, ஆங், இல்ல, சரி. மூணே வார்த்த.

இப்ப கல்யாணம் வருது. ஸ்டாண்டுல எல்லாரும் சாப்பாட்டுக்கு வருவானுங்க. போன வாரம் ஒருத்தன், உப்புத்தண்ணி கல்யாணத்துல ரசத்துக்கு உப்பு யாரு போடுறதுன்னு கேட்டான். அந்த மணவூர் பொண்ணு மணையில குந்தியிருக்கும்போது எவனாவது அப்படி கூப்பிடுவான். அது உன்ன திரும்பி பாக்கும். நீ அப்பவும் ஒன்னும் சொல்லமாட்ட. எனக்கு உன்னத் தெரியும்.

அதனால ஸ்டாண்டுலயே போயி சொன்னேன். டேய், அது நான்டா, அவன் கரிக்குதுன்னு சொன்னான், நான்தான் கலக்கச் சொன்னேன்னு. இன்னா நடந்துச்சி தெரியுமா, எல்லாரும் சிரிச்சானுங்க. புது கதையான்னு கேட்டான் ஒருத்தன். இன்னொருத்தன், புள்ளைக்கு கல்யாணம், பழிய எடுத்து தன் மேல போட்டுக்குறாரு, பெரிய மனசுன்னு எங் கைய புடிச்சி கண்ணுல ஒத்திகினான். பொய்ய சொன்னப்ப நம்புனானுங்க, நெசத்த சொன்னா நல்லவன்றானுங்க. தலையில அடிச்சிகினு வூட்டுக்கு வந்தேன்.

உங்கம்மா கிட்ட சொன்னேன். அவ அன்னிக்கு கெணத்தாண்ட இருந்தா, அவளுக்கு தெரியாது. அஞ்சி வருசமா அவளும் உன்னத்தான் ஏசிகினு இருந்தா. கேட்டுட்டு மொறத்த கீழ வெச்சா. அப்பறம், நான் அவன் சோத்துல கைய வெக்குறப்ப எல்லாம் மயிலைய சொல்லிக் காட்டியிருக்கேனேயான்னா. அவங்கிட்ட சொன்னியான்னு கேட்டா. இல்லன்னேன். அப்ப எங்கிட்ட எதுக்கு சொல்ற, போயி அவங்கிட்ட சொல்லுன்னு எழுந்து உள்ள பூட்டா.

அப்பறம்தான் இங்க வந்தேன், டீச்சரம்மா கிட்ட. பழவேற்காட்டு கரையில நான் சொன்ன பொய்ய காதால கேட்டவங்க உங்கம்மாவ உட்டா இந்த ஊர்ல அவுங்க ஒருத்தர்தான். அவுங்க எதுர சொல்லணும், அவுங்க கையாலயே எழுதணும்னு நெனச்சேன். நான் உன்ன காட்டுனேன்னு சொன்னேன் பாரு, அந்த எடம் வந்ததும் அவுங்க பேனாவ கீழ வெச்சிட்டாங்க. எனக்கு அன்னிக்கே தெரியும் வண்டிக்காரரே, நான் வண்டிலதான் இருந்தேன், தணிகாசலம் கரிக்குதுன்னதும் கேட்டுச்சி, நீங்க கலக்குன்னதும் கேட்டுச்சின்னாங்க. அப்பறம் ஏம்மா ஒன்னும் சொல்லலன்னேன். எம் ஆசைக்குத்தான் நீங்க மாட்ட ஓட்டிகினு வந்தீங்க, மாடு செத்தது என்னாலதான்னு உள்ள உறுத்திகினு இருந்துச்சி, வாயத் தொறந்தா என்ன கேப்பீங்களோன்னு இருந்துட்டேன்னாங்க. இதையும் எழுதுங்கம்மான்னேன். எழுதியிருக்காங்க.

இது மறுநாளு எழுதுறது. நேத்து பாதியில நிறுத்திட்டோம். இன்னிக்கு காலைல டீச்சரம்மா கொடைய புடிச்சிகினு நம்ம ஸ்டாண்டுக்கு வந்தாங்க. அந்த வயசுல நடந்தே வந்தாங்க. எல்லாரும் பீடிய மறைச்சிகினு எழுந்து நின்னானுங்க, அதுல பாதி பேரு அவுங்க கிட்ட அடி வாங்குனவனுங்க. அவுங்க பள்ளிக்கூடத்துல பேசுறாப்புலயே, இவரு சொன்னது கத இல்ல, நான் பாத்தது, கேட்டது. அந்த தண்ணிய வாயில வெச்சி பாத்தவன் தணிகாசலம் ஒருத்தன்தான். இவரு கேக்கல. இனிமே அந்த பேர்ல அவன யாராவது கூப்பிட்டா எங்கிட்ட வந்து பதிலு சொல்லணும்னாங்க. அவுங்க போன பொறவு அந்த ரசத்துக்கு உப்பு கேட்டான் பாரு, அவன் என்ன பாத்து, அப்ப நீதான் உப்புத்தண்ணியா, யோவ் உப்புத்தண்ணி, டேசன்ல சவாரி நிக்குது போய்யான்னான். ஆங், வரேன்னு சொல்லிட்டு செவலைய ஒத்த மாட்டு வண்டில பூட்டிகினு போனேன். இப்ப எல்லாரும் என்ன அப்படித்தான் கூப்பிடுறானுங்க. பழகிடும். வர வேண்டிய எடத்துக்குத்தான் வந்திருக்குது.

உனக்கு புத்தி சொல்ற யோக்கியத எனக்கு இல்ல. ஆனா அப்பன்னு ஒருத்தன் கல்யாணத்துக்கு முன்ன ஒன்னாவது சொல்லணும். அந்த பொண்ணு ஒன்னு சொல்லும், உனக்கு தப்புன்னு தோணும். நாளைக்கு உனக்கு பொறக்குற புள்ள ஒன்னு சொல்லும், இதுக்கு இன்னா தெரியும்னு தோணும். அப்ப குனிஞ்சி ஒரு வாயி வெச்சி பாரு. கரிக்கலன்னா துப்பிட்டு சிரி. அதுக்கு ஆவுற நேரம் ஒரு நொடி. நான் அந்த ஒரு நொடி குனியாததுக்கு அஞ்சி வருசம் ஆச்சி, இன்னும் நிமிரல.

இன்னும் ஒரு ஆளு பாக்கி. எல்லப்பன். அவனும் அவன் ஊரு ஆளுங்களும் அந்த கரையில இன்னும் உன்னத்தான் நெனச்சிகினு இருப்பாங்க, மாட்ட கொன்ன புள்ளன்னு. நீ பொண்டாட்டிய இட்டுகினு அங்க போவப் போற. அவன் உன்ன பாத்ததும் அதத்தான் கேப்பான். அதுக்கு முன்ன நான் அவங்கிட்ட சொல்லணும். டீச்சரம்மா அவனுக்கு ஒரு கடுதாசி போடுறேன்னாங்க. அவனுக்கும் படிக்கத் தெரியாது, எவனோ படிச்சி சொல்லணும், அது சரிப்படாது. அந்த கூட்டத்துல நின்னு சொன்னத அந்த கரையில நின்னுதான் எடுக்கணும்.

மாசியில போவும்போது லாரில முன்னால நீயும் அந்த பொண்ணும் உங்கம்மாவும் குந்திக்குங்க. பின்னால சரக்கு வெக்குற எடத்துல எனக்கு ஒரு ஓரம் குடு. வேணாம்னா ஒரு கார்டு போடு, இல்லன்னு மூணு எழுத்து போதும், நான் தப்பா எடுத்துக்க மாட்டேன். சரின்னா கார்டு வேணாம், வண்டிய வூட்டாண்ட நிறுத்து, நான் ஏறிக்குறேன். உங்கம்மாவுக்கு நாரைய காட்டு, கடப்பன்னி குட்டிய காட்டு. நான் மயிலைய பொதைச்ச மேட்டாண்ட எறங்கிக்குறேன், எல்லப்பன கூப்ட்டு பேசிக்குறேன். பேசி முடிச்சதும் கரைக்கு எறங்கி, அந்த ஏரித் தண்ணிய கையில மொண்டு ஒரு வாயி வெச்சி பாக்கணும். நீ சொன்ன பொறவு நான் இன்னும் பாக்கல.

கீழ இருக்குறது எங் கட்டவெரல் ரேக. டீச்சரம்மா முன்னால வெச்சது.